வண்டிக்குக் கீழே அட்டை

எங்கள் தெருவில் வீட்டுக்கு ஏதாவது ஒன்று எண்ணெய் ஒழுகும். எங்கள் வீட்டில் அது என் மோட்டார் சைக்கிள். என்னைவிட வயதில் மூத்தது. ஷெட்டில் நிறுத்தி, இன்ஜினுக்குக் கீழே ஒரு அட்டையை விரித்துவைப்பேன். காலையில் எழுந்ததும் அட்டையைப் பார்ப்பேன். பிறகுதான் பல் தேய்ப்பேன்.

"இருந்துட்டுப் போவுது, விடுங்க" என்பாள் என் மனைவி பிலோமினா.

விடுகிற ஆள் இல்லை நான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் உட்கார்ந்தேன். கேஸ்கெட் மாற்றினேன். வாஷர் மாற்றினேன். பேஸ்ட் தடவினேன். போல்ட்டை இறுக்கினேன். போதும் என்று கை சொன்ன பிறகும் இன்னொரு அரைச் சுற்று இறுக்கினேன். எங்கள் மகள் ரோஸ்லின் பக்கத்தில் ஸ்கிப்பிங் ஆடிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அட்டை காய்ந்து கிடந்தது. தலைகால் புரியாத சந்தோஷத்தில் பிலோமினாவைக் கூப்பிட்டேன். வந்தாள். வந்த வழியெல்லாம் தரையில் கறுப்பாகச் சொட்டியிருந்தது.

"வலிக்குதா?"

"இல்லங்க. முழங்கைதான் மடங்க மாட்டேங்குது."

வலது குதிகாலிலிருந்து சொட்டியது. துடைத்தேன். மறுபடி சொட்டியது. எனக்குப் பழகிய வாசனைதான்.

மதியத்துக்குள் அவளால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. சாயந்திரம் மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்றுவிட்டாள். கண் மட்டும் என்னைப் பார்த்தது. எண்ணெய் வற்றினால் இன்ஜின் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பயந்துபோனேன்.

ஓடிப்போய் போல்ட்டைத் தளர்த்தப் பார்த்தேன். ஸ்பேனர் நழுவியது. நான் இறுக்கிய இறுக்கில் போல்ட்டின் தலை உருண்டையாகத் தேய்ந்திருந்தது.

மெக்கானிக் ஜபருல்லா பாயின் பட்டறை தெருமுனையில்தான். அன்றைக்குத் தெரு கொஞ்சம் நீளமாக இருந்தது. எங்கள் வீட்டையே திரும்பத் திரும்பக் கடந்துதான் போகவேண்டியிருந்தது. கடக்கும்போதெல்லாம் வாசல் வழியாகப் பார்த்தேன். பிலோமினா படியில் நின்றாள்.

"அடச்சிட்டீங்களா சார்?" என்றார் பாய்.

"ஆமா பாய்."

"முழுசாவா?"

"முழுசா."

"வீடுன்னு இருந்தா எங்கயாவது ஒழுகணும் சார். வண்டி ஒழுகுறவரைக்கும் வண்டி. இல்லன்னா ஆளு."

பட்டறை மூலையில் ஒரு பெரியவர் அட்டைமேல் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் காலடியில் சொட்டிக்கொண்டிருந்தது.

"எங்க அண்ணன். எங்க வீட்டுக்கு அவருதான். நடமாடுறவங்களுக்கு இது தாங்காது. உக்காந்தே இருக்கணும். அப்பப்ப ஊத்திக்கணும்."

அண்ணன் பேப்பரை இறக்கி எனக்குத் தலையசைத்தார். நானும் அசைத்தேன்.

"எங்க வீட்டுக்கு நான் ஒழுகுறேன் பாய். அவள விட்ருங்க."

பாய் என் செருப்பைக் கழற்றச் சொன்னார். குதிகாலில் ஸ்பேனரை வைத்தார். இடப்பக்கமாக அரைச் சுற்று சுற்றினார்.

திரும்பும்போது தெரு குட்டையாக இருந்தது. பிலோமினா மீதிப் படிகளை ஏறிப்போய், காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தாள். நான் வண்டியை வெளியே தள்ளிவிட்டு அட்டையில் உட்கார்ந்தேன். அவள் முழங்கையை மடக்கி மடக்கிப் பார்த்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில்.

அதன்பிறகு பிலோமினா காலையில் எழுந்ததும் அட்டையைப் பார்ப்பாள். என் வாயில் எண்ணெய் ஊற்றுவாள். பிறகுதான் பல் தேய்ப்பாள். அவள் முகம் நாளுக்கு நாள் வாடியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து என் முன்னால் உட்கார்ந்தாள். கையில் பேஸ்ட், வாஷர், ஸ்பேனர்.

"வேணாம் பிலோ. இருந்துட்டுப் போவுது, விடு."

"எப்புடிங்க விடுறது? உங்கள இப்புடிப் பாக்க என்னால முடியல."

"அடச்சா வேற எங்கயாவது ஒழுகும்."

"ஒழுகினா எனக்குத்தான ஒழுகும்? ஒழுகட்டும்."

காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். கால் வரவில்லை. பிலோமினா அழுதுகொண்டே இறுக்கினாள். போதும் என்று கை சொல்லியிருக்கும். இன்னொரு அரைச் சுற்று இறுக்கினாள்.

சொட்டு நின்றது. பிலோமினா தன் குதிகாலைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது. சிரித்தாள்.

வீட்டுக்குள் ரோஸ்லினின் ஸ்கிப்பிங் கயிறு தரையில் அடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அதுவும் நின்றது.

"அம்மா, தரை வழுக்குதும்மா."