தொடங்க முடியாத சாதனம்

"இந்த இடத்துல ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்மா," என்றார் மேனேஜர். காகிதத்தை அவள் பக்கம் நகர்த்தினார். கோடு எங்கே இருக்கிறது என்று தெரிவதற்காக ஓர் அட்டையையும் பொருத்தி வைத்தார். அதுவரை சரி. பேனாவை எடுத்து அவள் விரல்களுக்கு நடுவே திணித்ததுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

"என்ன எழுதியிருக்கு சார்?"

"மெஷின் பழுது, இனி சரிசெய்ய இயலாது, இயக்குபவர் ஒப்புதல். வேற ஒண்ணுமில்ல."

அவள் பேனாவை மேசைமேல் வைத்தாள். பார்வையில்லாத பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகம் அச்சிடும் அந்த இடத்தில் பதினோரு வருடமாக அவள் பிழை திருத்துகிறாள். ஒவ்வொரு புத்தகமும் முதலில் அவள் மேசைக்குப் பக்கத்தில் இருக்கும் புள்ளி மெஷினில்தான் ஒரு பிரதி அடிக்கப்படும். தாளில் மேடு மேடாக எழும் புள்ளிகளை அவள் விரலால் படித்துச் சரி என்று சொன்ன பிறகே மற்ற பிரதிகள். பிறந்ததிலிருந்து அவளுக்கும் பார்வை கிடையாது. மெஷின் பழைய இரும்புக்குப் போனால் திருத்தும் வேலை வெளியாட்களிடம் போகும், அவள் தொலைபேசி எடுக்கும் மேசைக்குப் போவாள். "நல்ல சீட்டும்மா, ஏசி கூட இருக்கு" என்று மேனேஜர் நேற்றே ஆசை காட்டிவிட்டார்.

மெஷினைப் பழுதுபார்க்க வந்திருந்த சர்வீஸ்காரர் குறுக்கே பேசினார்.

"அக்கா, மூணு நாளா மல்லுக்கட்டிட்டேன். கம்ப்யூட்டர்ல புது டிரைவர் சாஃப்ட்வேர் இறக்கிப் போட்டேன். எடுத்துட்டு மறுபடி போட்டேன். ஒண்ணும் அசையல. மெஷின்ல உயிரில்லக்கா."

"உயிரில்லையா?"

எழுந்தாள். மெஷினின் பின்பக்கம் துழாவி, கம்ப்யூட்டரிலிருந்து வரும் கேபிளைக் கழற்றினாள். தாள் தள்ளும் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே சுவிட்சைப் போட்டாள். தடதடவென்று மெஷின் தன்னைத்தானே சோதித்துக்கொண்டு ஒரு பக்கம் அடித்துத் தள்ளியது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. தாளைக் கிழித்து விரலை ஓட்டினாள். எழுத்து ஒன்றுகூடக் குறையவில்லை.

"செத்தது இப்படியா சத்தம் போடும் தம்பி?"

"கம்ப்யூட்டர்லேர்ந்து வந்தாத்தானேம்மா புத்தகம்?" என்றார் மேனேஜர்.

"அப்போ கோளாறு கம்ப்யூட்டர் பக்கம் சார். அதை யாரும் பழைய இரும்புக்கு அனுப்பலையே."

சர்வீஸ்காரர் சிரித்துவிட்டு, சட்டென்று இருமலாக மாற்றிக்கொண்டார்.

கேபிளை மாட்டிவிட்டு உட்கார்ந்தாள். ஹெட்போனில் திரையைப் படித்துச் சொல்லும் குரலுக்கு அவள் வைத்த பெயர் வாயாடி. சாதனப் பட்டியலில் ஒவ்வொரு வரியாக இறங்கினாள். ஒரு வரியில் வாயாடி நின்றது: இந்தச் சாதனத்தைத் தொடங்க முடியவில்லை. கோட் பத்து.

திரும்பவும் கேட்டாள். மெஷினின் பெயரை அது சொல்லவே இல்லை. மெஷின் பழையது, கம்ப்யூட்டர் புதியது. இரண்டையும் இணைப்பது நடுவில் சிறு சில்லு வைத்த ஒரு மாற்றுக் கேபிள். தொடங்காதது அந்தக் கேபிள்.

"மூணு நாளா யாருக்கு வைத்தியம் பார்த்தீங்க தம்பி? இது கேபிளைச் சொல்லுது."

"கேபிளுக்கும் புது டிரைவர்தானே போட்டேன். போன செவ்வாய்க்கிழமை அப்டேட்ல தானா வந்த அதே டிரைவர். அதைவிடப் புதுசு கிடையாது."

"மெஷின் நின்னது?"

"புதன்..."

அவர் முடிக்கவில்லை. அவரை அவள் அவசரப்படுத்தவில்லை. ஒருவர் தன் தவறை நோக்கி நடந்து போகும்போது கையைப் பிடித்து இழுக்கக் கூடாது என்பது அவள் எண்ணம்.

"கேபிள் சில்லு பழசு," என்றார் கடைசியில். "புது டிரைவர் அதை ஏத்துக்கல. நான் புதுசு புதுசாப் போட்டு அதே கதவைச் சாத்திட்டே இருந்திருக்கேன்."

"உங்க பாஸ்வேர்டைப் போடுங்க. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்."

"வேண்டாம்," என்றார் மேனேஜர். "கீழே பழைய இரும்பு வண்டி வந்தாச்சு. மேலிடத்துக்குக் கழிவுப் பட்டியல் போயிடுச்சு. இப்ப போய் நோண்டாதீங்க."

"என் கையெழுத்து இல்லாம எப்படி சார் பட்டியல் போச்சு?"

மேனேஜர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளும் சத்தம் கேட்டது. சர்வீஸ்காரர் அவள் தோளுக்கு மேல் குனிந்து பாஸ்வேர்டைத் தட்டினார்.

முந்தைய டிரைவருக்குத் திரும்பும் பொத்தான் வேலை செய்யவில்லை. அவர் எடுத்து எடுத்துப் போட்டதில் திரும்பிப் போகும் வழியே அழிந்திருந்தது. அவள் யோசித்தாள். பிறகு, கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கும் பட்டியலிலிருந்து நானே தேர்ந்தெடுக்கிறேன் என்ற வரிக்குப் போனாள். ஒரே பெயரில் இரண்டு டிரைவர்கள், வருடம் மட்டும் வேறு. கீழே இருந்த பழையதை எடுத்தாள். விசையை அழுத்தினாள்.

இந்தச் சாதனம் சரியாக இயங்குகிறது, என்றது வாயாடி, எந்த உணர்ச்சியும் இல்லாமல்.

"அப்டேட் மறுபடி வந்து இதைக் கவுக்காம பார்த்துக்கங்க தம்பி."

"இப்பவே நிறுத்தி வைக்கறேன்க்கா."

"சரி, ஓடினா சந்தோஷம்," என்றார் மேனேஜர். குரலில் சந்தோஷம் இல்லை. "ஆனா முடிவு எடுத்தாச்சும்மா. தூக்கறதுக்கு ஆளுங்க படியேறி வர்றாங்க. அந்தக் கையெழுத்தைப் போட்டுடு."

படிக்கட்டில் கனத்த காலடிகள் அவளுக்கும் கேட்டன. எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தைத் திறந்தாள். சோதித்துப் பார்க்க ஓர் அத்தியாயம் போதும். அவள் முழுப் புத்தகத்தையும் மெஷினுக்கு அனுப்பினாள், இருநூற்றெண்பது பக்கம்.

மெஷின் இடிக்கத் தொடங்கியது. காலடிகள் வாசலில் நின்றன.

"ஓடுற மெஷின்ல கை வெச்சா விரல் போயிடும்ணே!" என்று அவள் கத்தினாள்.

மேனேஜர் பக்கத்தில் வந்து ஏதோ சொன்னார். இன்னும் பக்கத்தில் வந்து உரக்கச் சொன்னார்.

"கேக்கல சார்!"

முதல் தாள் சூடாக வந்து விழுந்தது. மடியில் வைத்துப் படித்தாள். மூன்றாம் வரியில் ஒரு புள்ளி அதிகம், தட்டச்சுப் பிழை. அந்த இடத்தில் விரலை அழுத்தி ஊன்றிக்கொண்டு, மறு கையை அடுத்த தாளுக்கு நீட்டினாள்.