வெர்னன் வராத சனிக்கிழமை

1
இந்தக் கதையை லோர்னாவின் சமையலறையில் திருடினேன். அவள் புருஷன் வெர்னன் இறந்த துக்கம் கேட்கப் போன இடத்தில், அவள் கொடுத்த கொலாச்சி ரொட்டியை மென்றுகொண்டே. என்ன செய்ய, கதை எழுதுகிற என் புத்தி அப்படி.

முதல் தொடக்கம்: 'ஐயோவாவின் மாபெரும் பிட்சர் வெர்னன் ஸ்கலிட்ஸ்கி...'

(அடித்துவிட்டேன். மாபெரும் எல்லாம் பொய். எங்கள் ஊர் பேஸ்பால் குழுவுக்கு முப்பது வருஷம் பந்து வீசினார். பாதிக்குப் பாதி தோற்றார். ஆனால் ஒரு சனிக்கிழமைகூட வராமல் இருந்ததில்லை. கல்யாணத்தன்றுகூட வீசி முடித்துவிட்டுத்தான் மாதாகோவிலுக்குப் போனார்.*)

2
அவர் இறந்த வாரம் ஊர் கூடி முடிவெடுத்தது: மரியாதைக்காக இந்தச் சனிக்கிழமை ஆட்டம் கிடையாது. இளம் பிட்சர்கள் இருவரும் அவர் நின்று வீசிய மேட்டில் கால் வைக்கவே மாட்டோம் என்றுவிட்டார்கள். அதைச் சொல்ல மிலோ அந்தச் சமையலறைக்கு வந்தான். வெர்னன் வீசியதையெல்லாம் மட்டையாளனுக்குப் பின்னால் குந்திப் பிடித்த கேட்சர். முழங்கால் இரண்டும் போய்விட்டன.

(மிலோவை இந்த இடத்தில் அழவைக்க... இல்லை, ஆள் அழுகிற ரகமில்லை.)

லோர்னா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஆட்டம் நிக்கக் கூடாதுன்னு காலமெல்லாம் ஓடுன மனுஷன். அவரு பேரைச் சொல்லியே நிறுத்துறீங்களா? நல்லா இருக்குடா உங்க மரியாதை."

வீச ஆளில்லையே என்று மிலோ முனகினான். நீ இருக்கிறாயே என்றாள் அவள். தான் பிடிக்கிறவன், வீசுகிறவன் இல்லை என்றான் அவன்.

"அவரு போட்ட ஒவ்வொரு பந்தையும் அவருக்கே திருப்பிப் போட்டது யாரு, உங்க தாத்தாவா?"

மிலோ இன்னொரு ரொட்டி எடுத்துக்கொண்டான்.

3
முடிவு ஒன்று: மிலோ எல்லாரையும் வீழ்த்துகிறான். (சினிமா. வேண்டாம்.)

முடிவு இரண்டு: முதல் பந்தே அடிபட்டுச் சோளக்காட்டுக்குப் பறக்கிறது. (வெர்னனுக்கே அது எத்தனையோ முறை நடந்ததுதான்.)

உண்மையில் சனிக்கிழமை மிலோ நொண்டிக்கொண்டே மேட்டில் ஏறினான். இளம் பிட்சர்களில் ஒருவன் யாரும் சொல்லாமலே கேட்சர் முகமூடியை மாட்டிக்கொண்டு குந்தினான். பந்து மிலோவின் கையைவிட்டுப் போனது.

அது மட்டையில் பட்டதா என்று என்னைக் கேட்காதீர்கள். நான் லோர்னாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அழுதுகொண்டே கைதட்டினாள். பந்து எங்கே விழுந்தது என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டம் நடந்தது.

* கல்யாணத்தன்று தோற்றார். லோர்னா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.