சதக்கத்துல்லா அரபியில் சொன்ன பொய்

கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்த அன்றுகூட சதக்கத்துல்லாவுக்கு இப்படி வியர்க்கவில்லை. இன்று ஆபரேஷன் டாக்டர் கேட்ட கேள்வி அப்படி: "புகை பிடிப்பீர்களா?" பக்கத்து நாற்காலியில் மனைவி பத்ருன்னிசா இருந்தாள்.

ஐந்து வருடத்துக்கு முன் ஹஜ்ஜுக்குப் போனபோது, இனி சிகரெட்டைத் தொடமாட்டேன் என்று கஅபாவுக்கு முன்னால் நின்று அவளிடம் சத்தியம் செய்தவர் அவர். திரும்பும்போது ஜித்தா விமான நிலையத்திலேயே தொட்டுவிட்டார். அன்றிலிருந்து பர் துபாய் துணிக்கடையின் பின்வாசலில் புகை, வீடு திரும்பும் வழியில் வாய் நிறைய ஏலக்காய் என்று பிழைப்பு ஓடியது.

நல்லவேளை, டாக்டர் எகிப்துக்காரர். கேட்டது அரபியில். கீழக்கரையிலிருந்து வந்து பதினெட்டு வருடமாகியும் பத்ருன்னிசா ஒரு வார்த்தை அரபி பேசி யாரும் கேட்டதில்லை.

"லா," என்று தலையாட்டினார். இல்லையாம்!

டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டினார். "கல்லீரலுக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் சுருங்கியிருக்கிறது. பக்கக் கிளை ஒன்றுதான் இப்போது ரத்தம் கொடுக்கிறது. கட்டியை எடுக்கும்போது அந்தக் கிளையையும் வெட்டியாக வேண்டும். கல்லீரல் பட்டினி கிடந்தால் உயிருக்கே ஆபத்து. வெளியே தசைநார் அழுத்துகிறது என்றால் ஆபரேஷனிலேயே சரிசெய்யலாம். புகையால் உள்ளே அடைத்திருந்தால் முதலில் குழாயை விரிக்க வேண்டும். படத்தில் தெளிவில்லை. அதனால்தான் கேட்கிறேன்."

உயிர் ஒரு பக்கம், பத்ருன்னிசா ஒரு பக்கம். சதக்கத்துல்லா குரலைத் தாழ்த்தி அரபியில் பேரம் பேசினார். "எப்போதாவது ஒன்று. விருந்தாளி வந்தால்."

"அப்படியானால் தசைநாராகத்தான் இருக்கும்," என்று டாக்டர் பேனாவை எடுத்தார்.

"லா, துக்தூர்!"

பத்ருன்னிசாதான். அடுத்து வந்ததெல்லாம் அசல் எகிப்து அரபி. பகலெல்லாம் டிவி தொடரில் அழும் பெண்களிடம் கற்றது. "ஒரு நாளைக்கு முப்பது. முப்பது வருடமாக. இந்த ஐந்து வருடம் கடைக்குப் பின்னால் ஒளிந்து நின்று."

டாக்டர் எழுதியதை அடித்தார். முதலில் குழாயை விரிப்பது, பிறகுதான் கட்டி என்று முடிவாயிற்று.

வெளியே வந்ததும் சதக்கத்துல்லா முனகினார். "தெரிஞ்சுமா புள்ள ஒண்ணும் கேக்கல?"

"கேட்டா மறுபடியும் சத்தியம் பண்ணுவீங்க. இன்னொரு பொய்ச் சத்தியம் எதுக்குன்னுதான்." அவள் கண் கலங்கியது, கோபம் மட்டும் இறங்கவில்லை. "உள்ள போயி மௌத்தாகித் தப்பிச்சிரலாம்னு நெனைக்காதீங்க மச்சான். உசுரோட வாங்க. அப்பறம் இருக்கு உங்களுக்கு."

அந்தத் திட்டை முழுசாக வாங்கவாவது பிழைத்துவிட வேண்டும் என்று சதக்கத்துல்லாவுக்கு அழுகை வந்தது.