சல்லடை வீட்டு விருந்தாளி

பத்தூல் அந்தப் பச்சோந்தியை வாங்கியது எரிப்பதற்காக.

மெக்னெஸ் பழைய நகரத்து நாட்டு மருந்துக் கடைக்காரன் அதை ஒரு தாள் பொட்டலத்தில் போட்டு, வாயைச் சுருட்டிக் கொடுத்தான். குட்டி. வாலைச் சுருட்டிக்கொண்டால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்.

"சின்னதுன்னு பாக்காதீங்க லல்லா. உண்மையைச் சொல்றதுல கெட்டி," என்றான் அவன், ஊர் வழக்கப்படி மரியாதையாக லல்லா என்று விளித்து. "ஷஅபான் மாசம் பாதியாகிற அன்னைக்கு உயிரோட நெருப்புல போடுங்க. வெடிச்சா உங்க வீட்டுக்காரருக்கு வேற இடம் இருக்கு. கொழுப்பு மாதிரி உருகிட்டா அவர் உங்களுக்கே உங்களுக்குத்தான். அதுவரைக்கும் சாகாம பாத்துக்கங்க. செத்தது பேசாது."

ஷஅபான் பாதியாக இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

அவள் கணவர் ஜிலாலி சல்லடை செய்கிறவர். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் கடையை விட்டால் பள்ளிவாசல், பள்ளிவாசலை விட்டால் வீடு என்று இருந்த மனிதர். இந்த மூன்று மாதமாகப் பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் கடையை மூடிவிடுகிறார். வீட்டுக்கு வருவதோ பொழுது சாய்ந்து, மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு. கேட்டால், "ஒரு வேலை," என்பார். சட்டையின் வலது கை விளிம்பில் வெள்ளையாக ஏதோ மாவு ஒட்டியிருக்கும். சல்லடைப் பட்டறையில் மரத்தூள் ஒட்டும், கம்பி கிழிக்கும். இந்த மாவு எங்கிருந்து வந்தது? பத்தூல் அதைத் துவைத்துப் போடுவாள். மொட்டைமாடிச் சுவரைத் தாண்டினால் பக்கத்து வீடு. அந்த வீட்டு ஹனியாதான் அதற்கு ஒரு பெயர் வைத்தாள்.

"முகத்துக்குப் பூசற பவுடருடி. உன் ஆளுக்கு ரெண்டாவதா ஒரு வீடு இருக்கு. நான் சொல்றது பொய்னா பச்சோந்தியைக் கேட்டுப் பாரு."

அப்படித்தான் அவள் மருந்துக் கடைக்குப் போனாள். திரும்பி வரும் வழியில் தெரு அடுப்புக்காரர் ஹம்மாதியிடம் நின்றாள். அந்தத் தெருவின் எல்லா வீட்டு ரொட்டியும் அவர் அடுப்பில்தான் வேகும். விஷயத்தை அவள் பாதி சொல்லும்போதே அவர் ரொட்டியைத் தள்ளி எடுக்கும் நீளத் துடுப்பைக் கீழே வைத்துவிட்டார். துடுப்பு அவர் கையை விட்டு இறங்குவது அபூர்வம்.

"இந்த நெருப்பு ரொட்டிக்கு மூட்டினது லல்லா பத்தூல். ஒரு உயிரை நெருப்புல போட்டு வாட்டற உரிமை நெருப்பைப் படைச்சவனுக்குத்தான் உண்டு. எனக்கும் கிடையாது, உங்களுக்கும் கிடையாது."

"உங்களால முடியாட்டிப் போங்கண்ணே. குளியல் கூடத்து அடுப்புக்காரன் போடுவான்."

"போடுவான். அன்னைக்கு ராத்திரி நீங்க தூங்குவீங்களா?"

அவள் பொட்டலத்தை மாரோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். உள்ளே ஏதோ மெல்லப் பிறாண்டியது.

பன்னிரண்டு நாள் உயிரோடு வைத்திருக்க வேண்டுமே, எங்கே வைப்பது? வெள்ளிக்கிழமைதோறும் கூஸ்கூஸ் ரவையை ஆவியில் வேகவைக்கும் ஓட்டைப் பானை கண்ணில் பட்டது. காற்றுக்கு அடியில் ஓட்டை, ஓடாமலிருக்க மேலே மூடி. கச்சிதம் என்று நினைத்தாள். சாயங்காலம் மூடியைத் திறந்தபோது ஜிலாலி பின்னால் நின்றிருந்தார். பானையின் அடியில் கரியாகக் கறுத்து, வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது குட்டி.

"வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டுக்கா?" என்றார்.

"ஈ பிடிக்கட்டும்னு வாங்கினேன்."

பொய் சொன்ன நாக்கு அவளுக்கே கசந்தது. ஜிலாலி அதைக் கவனிக்கவில்லை. குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"பயந்து போயிருக்கு பத்தூல். மரத்துல பிறந்ததைப் பானையில போட்டா கறுக்காம என்ன பண்ணும்?"

மறுநாள் அவர் பட்டறையிலிருந்து நான்கு சல்லடை வளையங்களையும் மெல்லிய கம்பி வலைச் சுருள் ஒன்றையும் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். வளையங்களை இடைவெளி விட்டு ஒன்றின் மேல் ஒன்றாகத் தூக்கி நிறுத்தி, சுற்றிலும் வலையை வளைத்துத் தைத்தார். இடுப்புயரத்துக்கு ஒரு கூண்டு எழுந்தது. படுக்கப்போட்ட கூண்டு இதற்கு ஆகாதாம், மேலே ஏறினால்தான் இதற்கு நிம்மதியாம். அவருக்கு இதெல்லாம் யார் சொன்னது என்று பத்தூல் அப்போது யோசிக்கவில்லை. தன் செம்பருத்தித் தொட்டியைத் தூக்கி உள்ளே வைத்தாள். அத்திமரக் குச்சிகளை அவர் குறுக்கும் நெடுக்குமாகச் செருகினார். ஒவ்வொரு குச்சியையும் விரலிடுக்கில் பிடித்துப் பார்த்து, குட்டியின் கால் பிடிக்கு ஏற்ற கனம்தானா என்று அளந்தார். மொட்டைமாடியில் காலை வெயில் பாதியும் சுவர் நிழல் பாதியும் விழுகிற இடமாகப் பார்த்துக் கூண்டை வைத்தார்கள்.

குட்டி முதல் குச்சியைப் பிடித்தது. முன்னும் பின்னும் ஆடி ஆடி, காற்றில் அசையும் இலை போல ஒரு அடி. யோசித்து இன்னொரு அடி. உச்சிக்குப் போய் வெயிலில் ஒருபக்கமாக உடம்பைத் தட்டையாக்கிக்கொண்டது. கறுப்பு கரைந்து பழுப்பாகி, பழுப்பின் அடியிலிருந்து பச்சை வந்தது.

"வீடு பிடிச்சிருச்சு," என்றார் ஜிலாலி.

"வாடகை எவ்வளவுன்னு கேக்கறதுக்குள்ள ஏறிப் படுத்துட்டா பாருங்க," என்றாள் பத்தூல். பிறகுதான் தான் பேசியது நினைவுக்கு வந்தது. மூன்று மாதத்தில் அவரிடம் அவள் செய்த முதல் கேலி அது.

சாப்பாடு அடுத்த பிரச்சினை. ஈயைக் கண்டால் துண்டை எடுத்து அடிக்கிறவள், இப்போது ஈக்காகப் பேரீச்சம்பழத்தைப் பிளந்து கூண்டுக்குள் வைத்துவிட்டுக் காத்திருந்தாள். சந்தையில் புதினாக் கட்டு வாங்கும்போது, உதறிச் சுத்தம் செய்து தரட்டுமா என்று கேட்ட பெண்ணிடம், "வேணாம்மா, பூச்சியோடயே குடு," என்றாள். அந்தப் பெண் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

மூன்றாம் நாள் அது நடந்தது. ஒரு ஈ இலை விளிம்பில் வந்து உட்கார்ந்தது. குட்டியின் ஒரு கண் ஈயைப் பார்த்தது. மற்றொரு கண் பத்தூலைப் பார்த்தது. பிறகு இரண்டு கண்ணும் ஈயின் மேல் கூடின. என்ன நடந்தது என்று அவர்கள் பார்ப்பதற்குள் ஈ இல்லை. குட்டி மென்றுகொண்டிருந்தது.

"என்ன ஆச்சு? எங்க போச்சு?" என்று கத்தினார் ஜிலாலி.

"நாக்குங்க! அவ நீளத்துக்கு நாக்கு! எங்க சின்ன மாமிக்கு அப்புறம் இவளுக்குத்தான் பாக்கறேன்!"

இருவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அடுத்த மாடியிலிருந்து ஹனியா தலையை நீட்டி, "எரிக்கப் போறதுக்கா இத்தனை கொஞ்சல்?" என்று கேட்டுவிடுவாளோ என்று பத்தூல் சிரிப்பை அடக்கித் திரும்பிப் பார்த்தாள். நல்லவேளை, மாடியில் யாரும் இல்லை.

அன்றிலிருந்து அவள் நாளை எண்ணுவதை நிறுத்த முயன்றாள். எண்ணாமலும் இருக்க முடியவில்லை. ஒன்பது, எட்டு, ஏழு.

கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் குட்டி திரும்பியும் பார்க்கவில்லை. அது நாரத்தைப் பூக்காலம். வீடு வீடாகப் பூவைக் காய்ச்சிப் பன்னீர் இறக்கிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு வரும் விருந்தாளியை அந்தப் பன்னீர் தெளித்து வரவேற்காமல் பத்தூல் இருந்ததில்லை. கல்யாணத்துக்கு வந்த நீளக் கழுத்து வெள்ளிச் செம்பை அலமாரியிலிருந்து எடுத்தாள். அதில் புதுப் பன்னீரை நிரப்பி, காலையிலும் மாலையிலும் கூண்டின் இலைகளெல்லாம் நனைய உதறினாள். மாடியே மணத்தது. குட்டி கண்ணை மூடிக்கொண்டு இலைக்குப் பின்னால் போய் ஒளிந்தது. வெட்கம் போலிருக்கிறது என்று அவள் நினைத்து, இன்னும் கொஞ்சம் தெளித்தாள்.

எட்டாம் நாள் குட்டி பகலிலேயே தூங்கியது. கண்கள் குழிக்குள் போயிருந்தன. தோல் சுருங்கி, பச்சை போய், பழைய சுவரின் நிறத்தில் இருந்தது. நேரே ஈயைக் காட்டியும் வாயைத் திறக்கவில்லை.

செத்தது பேசாது என்று மருந்துக் கடைக்காரன் சொன்னது நினைவுக்கு வந்தது. ஆனால் அது பேசுமா பேசாதா என்பதைப் பற்றி அவள் அழவில்லை. "குடிச்சுக்கோடி தாயி, ஒரு சொட்டு குடிச்சுக்கோ," என்று கூண்டின் முன்னால் மண்டியிட்டுக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் தன் அழுகையை அவள் கவனித்தாள். எரிப்பதற்கு வாங்கியதற்காகவா அழுகிறோம் என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. "யா ரப்பு, என் இறைவா, இதைப் பிழைக்க வை. இதுகிட்ட நான் எதுவும் கேக்க மாட்டேன்," என்றாள்.

ஜிலாலி அன்று மஃரிபுக்கு முன்னாலேயே மூச்சிரைக்க மாடிப்படி ஏறி வந்தார். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போதே குட்டியின் நிலையைப் பார்த்துவிட்டுப் போனவர். கையில் நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த ஒரு தாள் இருந்தது. கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்து, தாளைத் தூரத் தள்ளிப் பிடித்து, விரலை வரிக்கு அடியில் வைத்தார்.

"கிண்... கிண்ணத்தில்... குடிக்காது. இலை மேல்... சொட்டும்... தண்ணீர்... மட்டும் குடிக்கும். வா... வாசனை... சேர்க்கக் கூடாது."

பத்தூல் தாளைப் பார்க்கவில்லை. அந்த விரலைப் பார்த்தாள். நகக்கண்ணில் வெள்ளை மாவு. அதே வெள்ளை.

"நீங்க... படிக்கிறீங்களா?"

ஜிலாலி தாளை மடிக்கப் பார்த்தார். முடியவில்லை. தாடிக்குள் முகம் சிவந்தது.

"பள்ளிவாசல் மாடியில பெரியவங்களுக்கு எழுத்து சொல்லித் தராங்க. அஸருக்கு அப்புறம். மூணு மாசமா போறேன். டீச்சரம்மாவோட தங்கச்சி மாட்டு டாக்டருக்குப் படிக்குது. அதுகிட்ட கேட்டுதான் கூண்டெல்லாம் கட்டினேன். இந்தத் தாளும் அது இன்னைக்கு எனக்காகப் பெரிய எழுத்துல எழுதிக் குடுத்தது."

"சாக்பீஸா இது!" என்று அவர் கையைப் பிடித்துத் திருப்பினாள் பத்தூல். "ஏன் எங்கிட்டச் சொல்லல?"

அவர் மற்றக் கையால் தாளை மடியில் வைத்து நீவினார்.

"போன குளிர்காலத்துல உனக்கு தலை சுத்தி ரெண்டு நாள் எழுந்திரிக்காம கிடந்தியே. நான் குடுத்த மாத்திரைதான். ரெண்டு டப்பாவும் ஒரே மாதிரி இருந்துச்சு. மேல எழுதியிருந்ததைப் படிக்கத் தெரியல. மாத்திக் குடுத்துட்டேன். உனக்கு ஏதாவது ஆகியிருந்தா... எழுத்து தெரிஞ்ச அன்னைக்கு உன் டப்பாவை நானே படிச்சுக் காட்டிட்டு, அப்புறமா மன்னிப்பு கேக்கலாம்னு இருந்தேன்."

பத்தூல் அவர் கையை விடவில்லை. அவளுக்கும் சொல்ல ஒன்று இருந்தது. வேறு வழியில்லை, சொன்னாள். மருந்துக் கடை, ஹனியா, ஷஅபான் பாதி, வெடிப்பது, உருகுவது எல்லாம். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஜிலாலி கூண்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"ஆக, இவளை நம்பி என்னைக் கணக்கு பாக்கப் போனியா? இவ ஒரு கண்ணால ஒண்ணைப் பாப்பா, மறு கண்ணால வேறொண்ணைப் பாப்பா. இவ சாட்சியா?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "மன்னிச்சிருங்க," என்றாள்.

"நீயும் என்னை மன்னிச்சிரு. இப்ப செம்பை எடு, நேரமாச்சு."

வெள்ளிச் செம்பை மணம் போகும்வரை மூன்று முறை கழுவினாள். வெறும் தண்ணீரை நிரப்பி, கூண்டின் உச்சியில் கவிழ்த்து, ஒவ்வொரு சொட்டாக விடத் தொடங்கினாள். செம்பருத்தி இலையில் சொட்டு விழுந்து, உருண்டு, நுனியில் நின்று, கீழ் இலைக்குத் தாவியது. கை வலித்தது. ஜிலாலி வாங்கிக்கொண்டார். அவர் கை வலித்ததும் அவள் வாங்கிக்கொண்டாள். நூறு சொட்டு இருக்கும். குட்டியின் ஒரு கண் மெல்லத் திறந்தது. தலையை நீட்டி, இலை நுனியில் தொங்கிய துளியை வாயில் வாங்கியது. தொண்டை ஏறி இறங்கியது. இன்னொரு துளி. இன்னொன்று.

இருவரும் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீழே பள்ளிவாசலில் மஃரிபுக்குப் பாங்கு சொன்னார்கள். அல்லாஹ்வுக்கு நன்றி சொல்ல அதற்கு முன்பே அவர்கள் தொடங்கியிருந்தார்கள்.

ஷஅபான் பாதியான அன்று காலை பத்தூல் தலையில் ரொட்டித் தட்டோடு ஹம்மாதியின் அடுப்புக்குப் போனாள். அவர் முகம் இறுகியது. தட்டின் மேல் கிடந்த துணியை இரண்டு விரலால், பாம்பு இருக்குமோ என்பது போலத் தூக்கிப் பார்த்தார். உள்ளே மாவு உருண்டைகள் மட்டுமே இருந்தன. வழக்கத்தைவிட ஒன்று கூடுதல்.

"இது யாருக்கு?"

"உங்களுக்குண்ணே. அன்னைக்கு நீங்க முடியாதுன்னு சொன்னதுக்கு."

அவர் துடுப்பின் மேல் சாய்ந்து நெடுநேரம் சிரித்தார். ஹனியாவும் தன் தட்டோடு வந்து சேர்ந்தாள். குரலைத் தாழ்த்தி, "என்னடி, வெடிச்சுதா, உருகிச்சா?" என்றாள்.

"தண்ணி குடிச்சுதுடி. நேத்து மட்டும் ஒன்பது ஈ. சாயங்காலம் வா, காட்டறேன். உன் மாடி ஈயெல்லாம் வீணாப் போகுது, பிடிச்சுட்டு வா."

ஹனியா வாயைப் பிளந்தபடி நின்றாள். ஹம்மாதி அடுப்பின் பின்னால் விறகுக் குவியல் பக்கம் போய், குனிந்து எதையோ துழாவினார். அடுப்புச் சூட்டுக்கு ஆசைப்பட்டுச் சுவர்க்கோழிகள் குடியிருக்கும் இடம் அது. வருஷக்கணக்காக ராத்திரி பகல் என்று பார்க்காமல் கத்தி அவர் உயிரை வாங்குபவை. ஒரு காலித் தீப்பெட்டியை மூடி அவளிடம் நீட்டினார். உள்ளே கிர்ர் என்று சத்தம் கேட்டது.

"சின்னதாப் பொறுக்கிப் போட்டிருக்கேன் லல்லா, குட்டி வாய்க்கு. இனிமே தினமும் ரொட்டியோட வாங்கிட்டுப் போங்க. என் அடுப்பால அதுக்கு இவ்வளவாவது ஆகட்டும்."

பத்தூல் வெந்த ரொட்டியைத் தலையிலும், கத்திக்கொண்டிருந்த தீப்பெட்டியைக் கையிலும் வைத்துக்கொண்டு வேகமாக வீட்டை நோக்கி நடந்தாள். மாடியில் ஜிலாலி கையில் வெள்ளிச் செம்போடு காத்திருந்தார்.