சனிக்கிழமை ஜெபம்

இடது கட்டைவிரலால் அத்தையின் தாடைத் தோலை மெல்ல இழுத்துப் பிடித்திருக்கிறேன், நனைந்த துணி போல அது விரலுக்கு அடியில் வழுக்கிக்கொண்டே போகிறது, ஜன்னல் வெளிச்சம் சரிந்து விழும் பக்கம் முடிகள் மினுங்குகின்றன, சில நரைத்தவை, சில இன்னும் கருகருவென்று தடித்தவை, என் வலது கையில் முகத்துக்கென்று விற்கிற விரல் நீளச் சிறு ரேசர், அது தோலைத் தொடும் முன்பே அத்தையின் இடது கை என் மணிக்கட்டைப் பற்றிக்கொள்கிறது, அந்த ஒரு கைதான் இப்போது அவருக்கு இருக்கிறது, வலது பக்கம் முழுவதும் பேச்சோடு சேர்ந்து பக்கவாதத்தில் போய்விட்டது, விடுங்க அத்தை, நான்தானே, என்கிறேன், விடவில்லை, என் கணவரைப் பெற்றவர், என்னை மருமகள் என்று ஒருநாளும் விரட்டாதவர், இன்று என்னைக் கள்ளியைப் பார்ப்பது போலப் பார்க்கிறார், கதவுக்கு அப்பால் முன்னறையில் நாற்காலிகள் இழுபடுகின்றன, என் கணவர் தியோடர் மேஜைமேல் வெள்ளைத் துணி விரித்துக்கொண்டிருப்பார், குருவானவர் அப்பமும் திராட்சரசமும் எடுத்துக்கொண்டு கோயிலிலிருந்து புறப்பட்டிருப்பார், அதற்குள் இது முடிய வேண்டும்.

போன சனிக்கிழமையும் அவர் வந்தார், படுக்கையருகே நின்று ஜெபித்து, திருவிருந்தின் அப்பத்தை நீட்டியபோது அத்தை சேலைத் தலைப்பை எடுத்து வாயையும் தாடையையும் சேர்த்து மூடிக்கொண்டார், எவ்வளவு சொல்லியும் தலைப்பை இறக்கவில்லை, கோயில் பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்று பாடிய ஞானசெல்வம், ஒரு திருவிருந்து ஆராதனையையும் தவறவிடாதவர், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். யாரோடாவது மனத்தாங்கல் இருக்கும், ஒப்புரவாகட்டும், அடுத்த வாரம் வருகிறேன் என்று குருவானவர் தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுப் போனார், அந்த ஒரு வார்த்தையில் வீடே கலங்கிவிட்டது. தியோடர், அம்மா விழுந்த செய்தி கேட்டும் சென்னையிலிருந்து தான் ரெண்டு நாள் பிந்தி வந்ததுதான் காரணம் என்றார். மாமா கட்டிலருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, கல்யாணமானதிலிருந்து தான் செய்த பிழைகளையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டார், விருந்தாளிகள் முன்னால் மீன்குழம்பில் உப்புக் கூடிவிட்டது என்று சொன்னதுவரை ஒன்றையும் விடவில்லை, அத்தை கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார், தலைப்பு மட்டும் இறங்கவில்லை. பக்கவாதம் இன்னொரு தடவை வந்தால் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார், மாமாவுக்கு அதுதான் பயம், இவ இப்படியே போயிட்டா நான் என்ன செய்வேன் என்று அடுப்படியில் என்னிடம் வந்து நின்றார், அந்தப் பெரிய மனிதர் அழுவதைப் பார்க்க மாட்டாமல் நான் அரிசி களைந்தேன், களைந்த அரிசியையே மறுபடியும் களைந்தேன்.

வியாழக்கிழமை உடம்பு துடைத்துவிடும்போது அத்தை அயர்ந்து தூங்கிவிட்டார், தலைப்பு நழுவியது, அப்போதுதான் தாடை முடியைப் பார்த்தேன், பார்த்ததும் என் கை என்னை அறியாமல் என் தாடைக்குப் போயிற்று, ஏனென்றால் எனக்குத் தெரியும், கண்ணாடி முன்னால் விரலால் தடவித் தடவி அந்த ஒற்றை முள்ளைத் தேடுவது, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவள் பேசும்போது அவள் கண் எங்கே போகிறது என்று கவனிப்பது, யாராவது செல்லமாகக் கன்னத்தைத் தொட வந்தால் விலகுவது, இதெல்லாம் பதினாறு வயதிலிருந்து எனக்குத் தெரியும். சனிக்கிழமை சாயங்காலமானால் அத்தை அறைக்கதவைச் சாத்திக்கொள்வார், சத்தம் போடாதே, அத்தை ஜெபத்தில் இருக்கா என்பார் மாமா, நானும் வந்த நாளிலிருந்து பாத்திரத்தைக்கூடச் சத்தமில்லாமல்தான் கழுவியிருக்கிறேன், வெளியே வரும்போது அவர் தாடை லேசாகச் சிவந்திருக்கும், முழங்காலிட்டு முகம் பதித்து ஜெபித்ததில் அப்படி ஆகிறதாக்கும் என்று நினைத்திருக்கிறேன். ஜெபமும் செய்திருப்பார், நிச்சயமாகச் செய்திருப்பார், ஜெபித்த கையோடு சாமணத்தை எடுத்து ஒவ்வொன்றாகப் பிடுங்கியும் இருப்பார், ஞாயிறு காலையில் முன்வரிசையில் நிற்க வேண்டுமே, இப்போது அந்தக் கை கிடையாது, வந்து நிற்கும் குருவானவரோ முகத்துக்கு நேரே குனிகிறார்.

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று என் மேலுதடு வெந்திருந்தது, முடி நீக்கும் க்ரீமை முந்தின நாள் தடவி, என் முடி தடிப்பாயிற்றே, கொஞ்சம் கூட நேரம் விட்டால் நன்றாகப் போகுமே என்று விட்டுவிட்டேன், முழங்கையில் ஒரு பொட்டு வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், என் தோல் அதைத் தாங்காது என்று, அம்மா பவுடர் பூசி மறைத்தாள், எரிந்தது, வியர்வையில் பவுடர் திட்டுத் திட்டாக உதிர்ந்தது, வந்தவர்களில் ஒருத்தி போட்டோ எடுக்கக் கேமராவைத் தூக்கினாள், அத்தை என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, போட்டோ எதுக்கு, நம்ம வீட்டுக்கு வரப்போற பிள்ளைதானே, பிறகு எடுத்துக்கலாம் என்றார், சம்மதம் சொன்னதே அப்படித்தான், எனக்கு அந்தக் குரல் இன்றைக்கும் காதுக்குள் இருக்கிறது, அந்தக் குரல்தான் இப்போது இல்லை.

எதை வைத்து எடுப்பது என்று இரண்டு நாள் யோசித்தேன், பார்லர் பெண்ணைக் கூப்பிட்டால் ஊருக்கே தெரிந்துவிடும், நூல் போட்டுப் பிடுங்கலாம் என்றால் ஒரு பக்கம் தொங்கிப்போன முகத்தில் தோலை யார் இழுத்துப் பிடிப்பது, வாக்ஸ் போட்டால் இந்த வயதின் மெல்லிய தோல் முடியோடு சேர்ந்து உரிந்து வந்துவிடும், க்ரீமின் நெடியை நினைத்தாலே எனக்கு மேலுதடு எரிகிறது, சாமணத்தால் பிடுங்கலாம்தான், ஆனால் ரத்தம் உறையாமலிருக்க அவருக்கு மாத்திரை ஓடுகிறது, ஊசி போட்ட இடமெல்லாம் நாவல்பழமாய்க் கன்றிப் போயிருக்கிறது. கூச்சத்தை விழுங்கிக்கொண்டு டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன், பிடுங்குற வேலையே வேண்டாம், லேசரும் நரைமுடிக்குப் பிடிக்காது, சின்ன ரேசர் போதும், முடி சாய்கிற பக்கமே இழுங்க, வெட்டு விழாமப் பாத்துக்கோங்க என்றார், மழித்தால் தடிப்பாக வளராதா என்று கேட்டேன், என் அம்மா சொல்லி வளர்த்த பயம் அது, வளராது, நுனி மொட்டையா இருக்கிறதால கைக்கு அப்படித் தெரியும், அவ்வளவுதான் என்றார், எத்தனையோ வருஷப் பயம் அந்த ஒரு வரியில் போயிற்று.

ஆனால் அத்தைக்கு அது போகவில்லையே, அவர் கண் ரேசர் மேலேயே நிற்கிறது, ஆம்பிளைங்க சவரக்கத்தி, அதைவிடப் பெரிய வெட்கம், மருமகள் பார்த்துவிட்டாள், பிடித்த பிடியில் என் வளையல் சதைக்குள் அழுந்துகிறது, வலுக்கட்டாயமாக இழுத்தால் ரத்தம் வரும், வந்தால் நிற்காது, விட்டுவிட்டு எழுந்தால் வெளியே மாமா உடைந்துபோவார், என்ன செய்ய ஆண்டவரே என்று நிற்கிறேன், பிறகு என்னவோ தோன்றுகிறது, மெல்லக் கையை விடுவித்துக்கொண்டு, வெளிச்சத்தின் பக்கம் என் முகத்தைத் திருப்பி, தலையை நிமிர்த்தி, எனக்கும் இருக்கு அத்தை, பாருங்க என்கிறேன், என் புருஷனுக்குக் காட்டாததைக் காட்டுகிறேன், ரேசரை என் தாடையில் வைத்து முடி சாயும் பக்கமாக இழுக்கிறேன், ஒருமுறை, இன்னொருமுறை, அத்தையின் கையை எடுத்து அந்த இடத்தில் வைக்கிறேன், அந்த விரல்கள் முதலில் விறைத்து நிற்கின்றன, அப்புறம் தடவுகின்றன, மேலும் கீழுமாக, நம்ப முடியாதது போல, கண்ணில் தண்ணீர் நிறைகிறது, கை தானாக மெத்தைக்கு இறங்குகிறது. என் தாடையில் பட்ட ரேசரை ஒதுக்கிவிட்டு, புதியதை உறை பிரித்து எடுக்கிறேன், கற்றாழை ஜெல்லைத் தடவுகிறேன், தோலை இழுத்துப் பிடிக்கிறேன், மூச்சை அடக்கி ஒரு இழுப்பு, பஞ்சால் ஒற்றிப் பார்க்கிறேன், வெள்ளையாக இருக்கிறது, அடுத்த இழுப்பு, பஞ்சு, வெள்ளை, தொங்கும் ஓரத்தில் ரேசர் தடுக்குகிறது, அந்த நேரம் பார்த்துக் கதவு தட்டப்படுகிறது.

ஐயா வந்துட்டாங்கம்மா, உள்ளே என்ன செய்றீங்க என்கிறார் மாமா, அத்தையின் உடம்பு முழுவதும் இறுகுகிறது, ஜெபம் பண்றோம் மாமா என்கிறேன், சொன்னது பொய்யாகிவிடக் கூடாதே என்று உதட்டுக்குள் ஜெபிக்கவும் தொடங்குகிறேன், என் கை நடுங்காமலிருக்கட்டும், இவர் தலை குனியாமலிருக்கட்டும், வேறொன்றும் கேட்கத் தெரியவில்லை. மாமா போய்விட்டார் என்று நினைக்கும்போது கதவுக்கு அப்பாலிருந்து குரல் வருகிறது, தாழ்ந்து, மரத்தோடு மரமாக ஒட்டிக்கொண்டு, சனிக்கிழமை ஜெபமா, பிறகு தொண்டையைச் செருமுகிறார், அவ கைக்கண்ணாடி பீரோவுல கம்பளிக்கு அடியில இருக்கும்மா, எடுத்துக் குடு, அவ பாத்துக்கிடட்டும், ஐயாவ நான் காபி குடிக்கச் சொல்லி உக்கார வைக்கேன், நீங்க மெதுவா வாங்க.

அத்தையும் நானும் ஒருவரையொருவர் பார்க்கிறோம், மாமா எத்தனை காலமாகத் தெரிந்து வைத்திருந்தார், எத்தனை சனிக்கிழமை வீட்டைச் சத்தமில்லாமல் காத்தார், தெரிந்திருந்தும் இந்த வாரம் முழுவதும் மீன்குழம்பு வரைக்கும் போய் மன்னிப்புக் கேட்டவருக்கு இதுமட்டும் ஏன் தோன்றவில்லை, அத்தையின் முகத்தில் பயம் எழுந்து, எழுந்த இடத்திலேயே கலைந்து, நல்ல பக்கத்து உதடு மட்டும் விரிகிறது, பக்கவாதம் வந்த பிறகு முதல்முறையாக ஒரு பாதிச் சிரிப்பு, கம்பளிக்கு அடியிலிருந்து கண்ணாடியை எடுத்துக் கொடுக்கிறேன், இடது கையில் வாங்கி, அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்து, காதோரம் விட்டுப்போன ஒன்றைக் கண்ணால் காட்டுகிறார், அதையும் எடுக்கிறேன்.

குருவானவர் அப்பத்தைத் திராட்சரசத்தில் தோய்த்துக் குனிகிறார், நான் தலைப்பைப் பார்க்கிறேன், தியோடர் தரையைப் பார்க்கிறார், அத்தை முகத்தை நிமிர்த்தி வாயைத் திறக்கிறார், விழுங்குகிறார், தளர்ந்த உதட்டோரமாக ஒரு சொட்டு வழிந்து தாடைக்கு இறங்குகிறது, என் கை கைக்குட்டையைத் தேடுகிறது, அதற்கு முன் மாமா எட்டித் தன் கட்டைவிரலால் அதைத் துடைக்கிறார், துடைத்த பிறகும் விரலை எடுக்கவில்லை, அந்த மழித்த தாடையின் மேல் அது அப்படியே இருக்கிறது, அத்தை விலகவில்லை, கையைத் தூக்கவுமில்லை, ஜன்னல் பக்கம் முகத்தை இன்னும் கொஞ்சம் நிமிர்த்திக் கண்ணை மூடிக்கொள்கிறார், குருவானவர் ஆமென் என்று முடித்த பின்னும் அத்தையின் உதடு மட்டும் அசைந்துகொண்டிருக்கிறது.