தரை தெரிந்த தண்ணீர்

கிளெமென்ட் சாப்பாட்டுத் தட்டுகளைத் தானே எடுத்துத் தொட்டிக்குள் போட்டுவிட்டு ஈரத்துணியால் மேசையைத் துடைத்தான். கலியாணம் கட்டிய நாள்தொட்டு அவன் மேசை துடைத்து மாகிரட் கண்டதில்லை. மேசை காயுமுன்னரே மகேசன் ஏரியின் படத்தை அதன்மேல் விரித்து, நாலு மூலைக்கும் உப்புப்போத்தலையும் ஊறுகாய்ப்போத்தலையும் கோப்பைகளையும் தூக்கி வைத்தான்.

கிளெமென்டின் சிநேகிதன் மகேசன் நகரத்தின் மற்றப் பக்கம் எப்சத்தில் இருக்கிறவன், கணக்காளன். பிறந்தநாள் விழாவென்றாலும் சங்கக்கூட்டமென்றாலும் அவன் திட்டம் போடாமல் ஒரு காரியம் நடக்காது. ஒரு கேத்தல் தண்ணீர் கொதிக்க வைப்பதற்கும் அவனிடம் திட்டம் இருக்கும் என்று அவன் மனைவி ரதிதேவியே பகிடி பண்ணுவாள். இந்த ஏரிப் பயணத்துக்கு அவன் மூன்று கிழமையாகத் திட்டம் போட்டிருந்தான். கந்தோரில் வேலை செய்யும் வெள்ளைக்காரன் ஒருவனிடம் சின்ன அலுமினிய வள்ளம் இரவல். தூண்டில் தடி இரவல். நெஞ்சுமட்டும் வருகிற ரப்பர்க் காற்சட்டை இரவல். கடலில் பிறந்து வளர்ந்த கிளெமென்டும், வாளித் தண்ணீரில் குளித்தே வளர்ந்த மகேசனும் விடிந்ததும் ட்ரவுட் மீன் பிடிக்க ரொட்டோருவாப் பக்கம் போகப் போகிறார்கள்.

"இதென்ன தம்பி, நீலத்துக்குள்ள இலக்கம் இலக்கமா?" மாகிரட் அடுப்படியில் நின்றபடி எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

"ஆழம், அக்கா. கரையில கொஞ்சத் தூரத்துக்கு மேடு. பிறகு பொத்தெண்டு விழுது. நடுவில இருநூற்றைம்பது அடிக்கு மேல."

"தண்ணி கலங்கலோ?"

"கண்ணாடி எண்டு சொல்லுறாங்கள். அடியில கிடக்கிற கல்லை எண்ணலாமாம்."

"அடி தெரிஞ்சால் பிறகென்ன பயம்?" என்றான் கிளெமென்ட். படத்தில் கடும்நீலமாக இருந்த நடுப்பகுதியை அவன் விரலால் தடவிக்கொண்டிருந்தான். அந்த நிறம் மாகிரட்டுக்குப் பிடிக்கவில்லை. ஏனென்று கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது.

போகவேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவன் நின்றுவிடுவான். அதுதான் அவளுக்கு இருந்த கஷ்டம். மாசி மாதம் ஊரில், பேசாலைக் கடற்கரையில், அவனுடைய தகப்பன் அருளப்பு இறந்துபோனார். சண்டையில் நாடு கிடந்த கிடையில் தந்தி கடல் கடந்து ஒட்டாஹுஹு வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அங்கே அடக்கம் முடிந்துவிட்டது. அன்றிலிருந்து கிளெமென்ட் வேலையால் வந்து காரை வாசலில் நிற்பாட்டிவிட்டு அதற்குள்ளேயே இருப்பான். இருட்டுப்படும்வரை இருப்பான். மகள் உஷா போய்க் கண்ணாடியில் தட்டினால்தான் இறங்குவான். சாப்பிட்டான், வேலைக்குப் போனான், பூசைக்கும் வந்தான். ஆனால் வீட்டுக்குள் ஒரு மனிதன் நடமாடுகிற சத்தம் இல்லாமல் போய்விட்டது. எட்டு மாதத்துக்குப் பிறகு, மகேசன் ஏரி என்று வாயெடுத்த அன்றுதான் அவன் ஒரு கேள்வி கேட்டான். "அங்க என்ன மீன்?" அந்த ஒரு கேள்விக்காக மாகிரட் மாதா சுரூபத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தினாள். கொளுத்திய கையாலேயே அதை எப்படி ஊதி அணைப்பது?

பயணத்தை மறிக்கச் சாட்டு ஏதாவது கிடைக்காதா என்றும் அவள் மனம் தேடத்தான் செய்தது. ரேடியோவில் மழையில்லை, காற்றில்லை என்றார்கள். காருக்கு ஒரு குறையுமில்லை. வேர்க்‌ஷொப்பில் சனிக்கிழமை ஓவர்டைம் இல்லை. உஷாவுக்குக் காய்ச்சல்கூட வரவில்லை. எல்லாம் வழிவிட்டு ஒதுங்கி நின்றன. அப்படி ஒதுங்கி நின்றதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

மகேசன் காருக்குப் போய் இரண்டு மிதவைச் சட்டைகளோடு வந்தான். செம்மஞ்சள் நிறம், தலையணைபோலப் புடைத்திருந்தன. கிளெமென்ட் ஒன்றைத் தலைவழியாகப் போட்டுக்கொண்டு வான்கோழி நடப்பதுபோல அடுப்படியைச் சுற்றி நடந்தான். உஷா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை அப்படிச் சிரித்து எவ்வளவு காலம்.

"பேசாலையான் தலையணை கட்டிக்கொண்டு மிதந்தான் எண்டு ஊரில கேள்விப்பட்டால் என்னைத் தள்ளி வைச்சிடுவாங்கள்" என்றான் கிளெமென்ட்.

"சிரிச்சது காணும். போடுவன் எண்டு சொல்லுங்கோ" என்றாள் மாகிரட்.

"ஓமப்பா, போடுறன்."

"சும்மா சொல்லாதேங்கோ."

"போடுறன் எண்டிறன், பிறகென்ன?" சட்டையைக் கழற்றி, மற்றதோடு சேர்த்து முன்கதவுக்குப் பின்னால் வைத்தான். அதன்மேல் தன் மழைக்கோட்டைப் போட்டான். மகேசன் அன்றிரவு அங்கேயே முன்னறை சோபாவில் படுத்துக்கொண்டான். அதுவும் திட்டத்தில் இருந்தது.

விடியும்பொழுதே வீடு கலகலத்தது. மாகிரட் முட்டைச் சான்ட்விச்சைக் கடதாசியில் சுற்றினாள், பிளாஸ்கில் தேத்தண்ணீர் ஊற்றினாள். வள்ளம் ஏற்கெனவே காரின் கூரையில் கட்டியிருந்தது. கிளெமென்ட் சவரம் செய்து, தலை வாரி, வெள்ளை நூல் மேற்சட்டை போட்டிருந்தான். மீன் பிடிக்கப் போகிறவன் கோலமா இது என்று மகேசன் கேட்டதற்கு, "புதுத் தண்ணி. மரியாதையாப் போகவேணும்" என்றான். மழைக்கோட்டைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு மனைவியைப் பார்த்தான்.

"புளியை ஊறப்போட்டு வை. பின்னேரம் மீனோட வாறன்."

கார் பின்னாலே நகர்ந்து றோட்டில் இறங்கியது. மாகிரட் கதவைச் சாத்தத் திரும்பினாள். கதவுக்குப் பின்னால் செம்மஞ்சள் நிறத்தில் இரண்டும் கிடந்தன.

இரண்டையும் அள்ளிக்கொண்டு வாசற்படிக்கு ஓடிவந்தாள். கார் இன்னும் வீட்டு வேலியைத் தாண்டவில்லை. கண்ணாடி இறக்கியிருந்தது. கிளெமென்டின் முழங்கை வெளியே தெரிந்தது. அவள் வாய் திறந்தது. ஆனால் கூப்பிடவில்லை.

கடலுக்கு வெளிக்கிட்டவனைப் பின்னால் நின்று கூப்பிடக்கூடாது. பேசாலையில் எந்தப் பெண்ணும் கூப்பிடமாட்டாள். புருஷன் சாப்பாட்டை விட்டுவிட்டுப் போனாலும், வலையையே விட்டுவிட்டுப் போனாலும், சுற்றி ஓடி முன்னால் வந்து நின்றுதான் காட்டுவாள். முடியாவிட்டால் விட்டுவிடுவாள். பின்னால் விழுந்த குரலோடு போனவன் திரும்பமாட்டான் என்பது அங்கே யாரும் வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லாத விஷயம். மாகிரட்டும் யோசித்துச் செய்யவில்லை. கால்தான் முடிவெடுத்தது. பக்கத்து வீட்டுப் புல்லுக்குக் குறுக்காக, மூலையில் காருக்கு முன்னால் போய்விடலாம் என்று ஓடினாள்.

"மம்!" உஷா இரவுச் சட்டையோடு வாசலில் நின்று, ஏன் கத்திக் கூப்பிடாமல் ஓடுகிறாய் என்று இங்கிலீஷில் கத்தினாள்.

பனி ஈரத்தில் செருப்பு வழுக்கியது. கையை ஊன்றி எழும்பினாள். கார் மூலையில் தெற்கே திரும்பிப் போய்விட்டது. றோட்டில் வேறு வாகனம் இல்லை. கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும்.

"பின்னால கூப்பிடக்கூடாது, பிள்ளை" என்றாள் திரும்பி வந்து. உஷாவுக்கு அது விளங்கவில்லை. தோளைக் குலுக்கிவிட்டு உள்ளே போனாள்.

கூப்பிடாமல் விட்டது நல்லதுதான் என்று பகல் முழுக்கத் தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஏரியில் ஆட்கள் இருப்பார்கள், யாரிடமாவது வாங்கிப் போடுவார்கள். மகேசன் எல்லாவற்றையும் பார்க்கிறவன், நடுவழியிலேயே கண்டுபிடித்திருப்பான். சட்டைகளைத் துணி துவைக்கிற அறைக்குள் போட்டுக் கதவைச் சாத்தினாள். புளியை ஊறப்போட்டாள். மிளகாய் சீரகம் வறுத்து அரைத்தாள். ஏரி மீனுக்கு எந்தத் தூள் சரிவரும் என்று தெரியாமல் இரண்டு விதமாக அரைத்தாள். கறிச்சட்டியை அடுப்பில் வைத்துப் பார்த்துவிட்டு இறக்கினாள். மத்தியானத்துக்குப் பிறகு வீட்டில் செய்வதற்கு ஒன்றுமே இருக்கவில்லை.

பின்னேரம் வாசலில் நின்றது பொலிஸ் கார். முதலில் இறங்கியவன் இளம் பொலிஸ்காரன். மற்றப் பக்கத்தால் மகேசன் இறங்கினான். அவன் தோளில் சாம்பல்நிறப் போர்வை. பொலிஸ்காரன் வாசற்படிக்கு வருமுன்னரே தொப்பியைக் கழற்றிவிட்டான். மாகிரட் அந்தத் தொப்பியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் சொன்ன இங்கிலீஷ் அவளுக்கு விளங்கியது, ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. திங்கட்கிழமை உடலைக் கொண்டுவரலாம் என்றான். வருந்துகிறேன் என்றான். பிறகு, உங்கள் நண்பர் கதைக்கட்டும் என்று போய்க் காருக்குள் இருந்தான்.

மகேசன் அடுப்படிக் கதிரையில், நேற்று இருந்த இடத்திலேயே இருந்தான். உஷா தொட்டியோடு சாய்ந்து நின்றாள். அவள் அழவில்லை, அழுகிறவர்கள் யாராவது தொடங்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருப்பவளைப்போல நின்றாள்.

"சொல்லுங்கோ" என்றாள் மாகிரட்.

"மேட்டிலதான் நிண்டனாங்கள், அக்கா. கரை கிட்ட. அண்ணையின்ர தூண்டில் அடியில கிடந்த மரக்கொப்பில மாட்டிப்போச்சு. எட்டிப் பாத்தார். மணல் தெரியுது, மரம் தெரியுது, தூண்டில் மினுங்கிறதும் தெரியுது. இடுப்பளவு தண்ணிதான் தம்பி, இறங்கி எடுத்துக்கொண்டு வாறன் எண்டார்."

மாகிரட்டின் கை மேசையைப் பிடித்தது. மிச்சத்தை அவன் சொல்லத் தேவையில்லை. பேசாலைக் கடலில் தரை கண்ணுக்குத் தெரிந்தால் கால் எட்டும். வள்ளத்தைத் தள்ளவும் வலை எடுக்கவும் ஆண்கள் யோசிக்காமல் இறங்குவார்கள், அவளே கண்டிருக்கிறாள். பாசியும் சேறும் கலந்த அந்தத் தண்ணீரில் ஆழம் தன்னை ஒளித்துக்கொள்ளும், ஆழமில்லாத இடம்தான் முகத்தைக் காட்டும். ஏமாற்றாத கடல் அது. அதை நம்பிய கால்தான் இங்கேயும் இறங்கியிருக்கிறது.

"நான் சொன்னனான், அக்கா. படத்தில முப்பத்தஞ்சு அடி எண்டு கிடக்கு எண்டு சொன்னனான். கண்ணுக்கு முன்னால தெரியுது, படம் என்னத்துக்கு எண்டு சிரிச்சார். சிரிச்சுக்கொண்டே இறங்கினார்." மகேசன் போர்வையின் ஓரத்தை முறுக்கினான். "அந்த ரப்பர்க் காற்சட்டைக்குள்ள தண்ணி போயிற்றுது. ஐஸ் தண்ணி. ஒருக்கா மேல வந்தார். பயந்த முகம் இல்லை, அக்கா. இதென்ன இப்பிடி எண்டு கேக்கிற மாதிரி என்னைப் பாத்தார். துடுப்பை நீட்டினன். எனக்கு நீந்தத் தெரியாது. நீட்டத்தான் தெரிஞ்சுது."

குளிர்சாதனப்பெட்டி உறுமத் தொடங்கிப் பிறகு நின்றது.

"என்ர சத்தம் கேட்டுக் கரையால ஆரோ பொலிஸுக்குச் சொன்னாங்கள். அவங்கள் வருமட்டும் நான் வள்ளத்தில அவருக்கு மேலதான் இருந்தன். தெரிஞ்சுகொண்டு இருந்தார், அக்கா. அந்த வெள்ளை மேற்சட்டை. கையை விட்டால் எட்டும்போல இருந்தது. நானும் கையை விட்டு விட்டுப் பாத்தன்."

மாகிரட்டுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. சத்தமில்லாத அழுகை. அவன் குளிரில் தனியே கிடக்கவில்லை, ஒருவன் மேலே இருந்து பார்த்துக்கொண்டிருந்தான் என்று நினைக்க நெஞ்சு ஆறியது. அதையே இன்னொரு தரம் நினைக்க நெஞ்சு வெடித்தது.

"என்னிலதான் பிழை" என்றான் மகேசன். "அந்த ரெண்டு சட்டையும் பின் சீட்டுக்குக் கீழ கிடக்கெண்டு நினைச்சன். எல்லாத்தையும் பாத்தனான். பெற்றோல், கயிறு, லைசன்ஸ் எல்லாம் பாத்தனான். அதைப் பாக்கேல்லை. அது போட்டிருந்தால் மிதந்திருப்பார் எண்டு பொலிஸ்காரன் சொன்னான். சும்மா ஒரு கதைக்குத்தான் சொன்னான்." அவன் நிமிர்ந்து பார்த்தான். கண் இரண்டும் வீங்கிச் சிவந்திருந்தன. "இஞ்சதான் கிடந்திருக்கும், என்ன அக்கா? நீங்கள் கண்டிருந்தால் ஒரு சத்தம் போட்டிருப்பீங்கள். ஒரே ஒரு சத்தம். நாங்கள் நிண்டிருப்பம்."

மாகிரட் வாயைத் திறந்தாள். உண்மையைச் சொன்னால் இவன் தலையிலிருக்கிற பாரத்தில் பாதி இறங்கும். சொல்லவேண்டும், அது அவளுக்குத் தெரிந்தது. எப்படிச் சொல்வது? கண்டேன், ஓடினேன், கூப்பிடவில்லை. அவனுடைய உயிருக்காகத்தான் கூப்பிடவில்லை. இதைப் பூமியில் எந்த மனிதனிடம் சொல்லி விளங்கவைப்பது? தொட்டியடியில் நின்ற உஷா தாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் வாசலில் நின்று எல்லாவற்றையும் கண்ட ஒரே ஆள் அவள்தான்.

"நாங்கள் காணேல்லை, அங்கிள்" என்றாள் உஷா.

மகேசன் திரும்பிப் பார்த்தான். அந்த வீட்டுக்கு வந்துபோன இத்தனை வருஷத்தில் அந்தப் பிள்ளை அவனோடு தமிழில் கதைத்ததில்லை.

"கதவுக்குப் பின்னால கிடந்தது. நீங்கள் போய்க் கன நேரத்துக்குப் பிறகுதான் அம்மா கண்டவ." சொற்களை ஒவ்வொன்றாகத் தேடியெடுத்துச் சொன்னாள். ஒன்றும் பிசகவில்லை.

மகேசன் தலையைக் குனிந்தான். அவன் தோள்கள் குலுங்கின. உஷா திரும்பி, தேத்தண்ணீருக்குக் கேத்தலைக் குழாயின் கீழே பிடித்தாள். கேத்தல் நிரம்பியது. நிரம்பிய பிறகும் அவள் பிடித்துக்கொண்டே நின்றாள். தண்ணீர் அவள் விரல்களுக்கு மேலால் வழிந்து ஓடியது. மாகிரட் எழுந்து போய் மகளுக்குப் பக்கத்தில் நின்று குழாயைப் பூட்டினாள்.