சபரிநாதனின் சேனல்

சண்முகப்பிரியாவின் தம்பி சபரிநாதன் புதுச்சத்திரத்துத் தோட்டத்துக் கிணற்றில் செத்துப்போனபோது அவனுக்குப் பத்தொன்பது வயது. மீன் மாதிரி நீந்துகிறவன். கல்லூரியில் ஆறு பாடத்தில் தேறாததை மறைத்துவிட்டான் என்று அன்று காலையில்தான் அப்பா மணியன் அவனைக் கன்னத்தில் அறைந்திருந்தார், மரவள்ளிக் கிழங்கு லோடு ஏற்ற வந்தவர்கள் முன்னால் வைத்து. மத்தியானம் பிணமாகத்தான் மேலே தூக்கினார்கள். தண்ணீரில் மூழ்கிய விபத்து என்று எழுதிக் கொடுத்தார்கள். ஊர் அப்படிச் சொல்லவில்லை. அம்மா கண்ணாத்தாள் அன்றோடு புருஷனிடம் பேச்சை நிறுத்திவிட்டாள்.

சண்முகப்பிரியா இதய செல்களைப் பற்றிப் படித்தவள். நல்ல நீச்சல்காரர்கள்கூட நீந்தும்போது திடீரென்று இதயத் துடிப்பு தாறுமாறாகிச் சாவதுண்டு, சிலருக்குப் பரம்பரையாக வரும் கோளாறு அது என்று அவளுக்குத் தெரியும். தம்பிக்குப் பிடுங்கிய கடைவாய்ப்பல் ஒன்றை அம்மா டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். அதைச் சோதனைக்கு அனுப்பினாள். அப்பாவின் ரத்தத்தையும் அனுப்பினாள். இரண்டிலும் ஒரே மரபணுவில் ஒரே எழுத்து மாறியிருந்தது. அதனால் கெடுதல் உண்டா இல்லையா, தெரியாது என்று அறிக்கை வந்தது.

தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்தது. இதய செல்லின் சவ்வில், பொட்டாசியம் வெளியேற நுண்ணிய வாசல்கள் உண்டு, சேனல் என்பார்கள். அந்த மரபணுதான் அவற்றைச் செய்வது. வாசல் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது, எவ்வளவு நேரம் மூடியிருக்கிறது என்று அளந்துவிட்டால் போதும். அயோத்தியாப்பட்டணம் தாண்டி ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வேலை. கூட வேலை செய்த தனப்பிரியா, தம்பியின் மாறிய மரபணுவையும் சாதாரண மரபணுவையும் தனித்தனியாக வளர்ப்புச் செல்களில் புகுத்தி, அவற்றின் மேல் கண்ணாடிக் குழாயின் நுனியை ஒட்டவைத்து மின்னோட்டத்தைப் பதிவு செய்தாள். சண்முகப்பிரியா கணினியில் அதைப் பிரித்துப் பார்த்தாள்.

பார்ப்பது லேசில்லை. அந்தச் சேனலின் மின்னோட்டம் அத்தனை சிறியது. திரையில் தெரிவதெல்லாம் இரைச்சல்தான். அதற்குள் எங்கோ ஒரு படி ஏறி இறங்கினால் அது வாசல் திறந்து மூடியது என்று அர்த்தம். தம்பியின் சேனலைப் பதிவு செய்த வாரத்தில் எர்த் சரியில்லாமல் இரைச்சல் இன்னும் கூடுதல். இரைச்சலை வடிகட்டும் ஃபில்டரை இறுக்கித்தான் அவளால் படிகளைப் பார்க்க முடிந்தது. ஏழு மாதம் எண்ணி முடித்தபோது தெரிந்தது, சாதாரணச் சேனல் திறக்கிற அளவில் பாதிகூட இது திறக்கவில்லை.

அன்றைக்கே பஸ் ஏறி ஊருக்குப் போய்ச் சொன்னாள். மணியன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"அப்ப நான் அடிச்சதால இல்லயா, சாமி?"

"இல்லீங்கப்பா. இருதயக் கோளாறுதானுங்க."

சாப்பிடும்போது கண்ணாத்தாள், இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றட்டுங்களா என்று அவரைக் கேட்டாள். எட்டு வருஷத்தில் அவள் அவரிடம் பேசிய முதல் பேச்சு அது. சேலத்து மருத்துவர் அவருடைய ஈசிஜியையும் மகள் கொண்டுவந்த முடிவையும் பார்த்துவிட்டு, அவருக்கும் அதே கோளாறு இருக்கலாம் என்று துடிப்பைக் குறைக்கும் மாத்திரை எழுதினார். அதை அவர் பிரசாதம் மாதிரி வாங்கிப் போட்டுக்கொண்டார்.

ஆய்வுக் கட்டுரையில் செய்முறையை எழுதும்போதுதான் அவள் கை நின்றது. ஃபில்டர் அளவு என்ற இடத்தில் இரண்டு எண் எழுத வேண்டியிருந்தது. சாதாரணச் சேனலுக்கு ஒன்று, தம்பியின் சேனலுக்கு ஒன்று. இறுக்கின ஃபில்டர் இரைச்சலோடு சேர்த்துக் குட்டிக் குட்டித் திறப்புகளையும் வழித்து எறிந்திருக்கும். இரண்டுக்கும் ஒரே அளவு வைத்து எண்ணினாள். வித்தியாசம் கரைந்துபோனது. எர்த்தைச் சரிசெய்து புதிதாகப் பதிவு செய்து, எது எது என்று தனக்கே தெரியாமல் தனப்பிரியாவிடம் எண் மட்டும் போட்டுத் தரச்சொல்லி, விடையை உறையில் ஒட்டி வைக்கச்சொல்லி மறுபடி எண்ணினாள். உறையைப் பிரித்தபோது இரண்டும் ஒன்றுபோலத்தான் திறந்து மூடியிருந்தன. இது தம்பியின் சேனலாகத்தான் இருக்கும் என்று அவள் மனசுக்குள் குறித்து வைத்திருந்தவற்றில் பாதி சாதாரணச் சேனல்.

வீட்டில் சொல்லத்தான் வேண்டுமா என்று தனப்பிரியா கேட்டாள். அந்த வாரமே அம்மா போன் செய்தாள். அப்பா காட்டு வேலையில் தலை சுற்றி விழுந்துவிட்டாராம். நாடி நாற்பத்தி நாலுக்கு இறங்கிவிட்டதாம்.

சனிக்கிழமை போய்ச் சொன்னாள். தப்பு தன்னுடையது, அந்த மாற்றம் கெடுதல் செய்வதாகக் காட்ட இப்போது கையில் ஒன்றுமில்லை, மாத்திரையைக் குறைப்பது பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும் என்று எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்பறம் அன்னிக்கு என்னதான் நடந்துச்சு?" என்றார் மணியன்.

"தெரியலீங்கப்பா."

அவர் வெளியே போய் மோட்டார் ரூம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். கண்ணாத்தாள் சமையல்கட்டிலேயே நின்றாள். நீ சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று மகளைக் கடிந்துகொள்வாள் என்று பார்த்தால், அவள் வேறொன்று சொன்னாள்.

"அவன் அன்னிக்குச் சாப்பிட்டுட்டுத்தான் போனான். சிரிச்சுட்டே மறுக்காச் சோறு கேட்டான். வெயிலு தாங்கல, ஒரு குதி குதிச்சுட்டு வாரேம்மான்னான். சாகப் போறவன் அப்படிச் சொல்லுவானா?"

சண்முகப்பிரியாவுக்கு ஒரு கணம் புரியவில்லை. இதை அப்பாவிடம் சொன்னீர்களா என்று கேட்டாள்.

"சொல்லல. அத்தன பேரு முன்னால அடிச்சாரில்ல? நெனச்சு நெனச்சு வேகட்டும்னு உட்டுட்டேன்."

சொல்லிவிட்டு அவளே மோட்டார் ரூமுக்கு நடந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து தாழ்ந்த குரலில் சொல்வதைச் சண்முகப்பிரியா வாசலில் நின்று பார்த்தாள்.

"எட்டு வருசமா உனக்குத் தெரியுமா?" என்று மணியன் கேட்டது மட்டும் கேட்டது. கண்ணாத்தாள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் அவளைத் திட்டவில்லை. எழுந்து போகவும் இல்லை. அன்றைக்கு என்ன குழம்பு என்று கேட்டார்.

"தட்டப்பயறுங்க," என்றாள் அவள்.

மறுசோறு எவ்வளவு வாங்கினான், மோர் ஊற்றிக்கொண்டானா, என்ன சட்டை போட்டிருந்தான் என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள்.